ஆத்தாவிடம் வசவு வாங்கிய புலி

புலி என்றால் எனக்குப் பாச்சை உருண்டை வாசம்தான் முதலில் வரும். துணிப்பெட்டியில் போட்டு வைப்பார்களே, அந்த வெள்ளை உருண்டை. அதோடு பழைய பஞ்சும் வார்னிஷும் ஓட்டுக்கூரையில் தொங்கும் வௌவால்களின் எச்சமும் கலந்து, மூக்குக்குள் புகுந்தால் வீடு வரைக்கும் கூடவே வருகிற ஒரு நெடி. இன்றைக்கும் ஜவுளிக்கடையில் மடிப்புக் கலையாத சேலையை உதறி விரிக்கும்போது அந்த வாசம் வந்தால், யாரோ பக்கத்தில் நின்று வசவு வைக்கப் போகிறார்கள் என்று என் தோள்கள் தாமாகக் குறுகிக்கொள்ளும்.

ஓடைப்பட்டியிலிருந்து மலைப்பக்கம் பிரியும் வண்டிப்பாதை முடிகிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊருக்கு மேலே உசிலையும் வேலமும் அடர்ந்த ஒரு கல்குன்று, கரடு என்போம். நான் சிறுவனாக இருந்தபோது காட்டிலாகாக்காரர்கள் வந்து அந்தக் கரட்டைச் சுற்றி முள்கம்பி இழுத்து, நடுவில் ஓடு வேய்ந்த ஒரு கூடம் கட்டி, வாசலில் ‘இயற்கைக் கல்வி மையம்’ என்று எழுதினார்கள். ஊரில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. ‘கம்பிக்காடு’ என்றோம். கம்பிக்குள்ளே போன நிலம் முழுக்க எங்கள் ஆடுமாடு மேய்ந்த நிலம். அதனால் கம்பியை வெட்டினோம், ஓட்டின்மேல் கல் விட்டோம், பறவைப் படம் வரைந்த பலகைகளில் சாணியை அப்பினோம். அதற்காக எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. மேய்ச்சலைப் பிடுங்கிக்கொண்டு மைனாவைப் பற்றிப் பாடம் எடுத்தால் சாணிதான் கிடைக்கும்.

என் அப்பன் ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளா போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். ஆத்தாவுக்கு மிஞ்சியவை ஒரு பட்டி வெள்ளாடும் நானும். அவள் சொத்தை எண்ணிப் பார்த்தாலும் அந்த வரிசையில்தான் எண்ணுவாள். ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் உண்டு: கருப்பி, சுட்டி, செவலை, நொண்டிச்சி. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் கம்பிக்காட்டிலிருந்து சிறுத்தை இறங்கியது. பலகையில்தான் அது சிறுத்தை, எங்களுக்குப் புலி. விடிந்து பார்த்தால் பட்டியில் பாதி ஆடுகள் கழுத்து கிழிந்து கிடந்தன. தின்றது ஒன்று, கொன்றது மிச்சம். அடுத்த வாரம் மறுபடியும் வந்து மிச்சத்தையும் முடித்தது. பிறகு அதே புலி ஒரு திராட்சைத் தோட்டத்தில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து, வலையோடு ஜீப் வருவதற்குள் செத்து மிதந்தது. ஆத்தா தொரட்டிக் கம்போடு ஓடினாள். காட்டிலாகா கார்டுகள் இருவர் அவளை மறித்துப் பிடித்துக்கொண்டார்கள். “செத்ததக்கூட ஒரு அடி அடிக்க விடலயே, பாவிக!” என்று வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தூற்றினாள். அந்த மண் புலிமேல் விழவில்லை. என்மேல்தான் விழுந்தது.

ஆறாம் வகுப்புக்கு ஓடைப்பட்டி போக வேண்டும். ஆடு இல்லாத வீட்டில் அதற்கு வழியில்லை. திராட்சைப் பந்தலில் கொடி கட்டும் வேலைக்கு என்னை விட்டாள். “புலி என் ஆட்ட மட்டுமா தின்னுச்சு, இவன் படிப்பையும்ல சேத்துத் தின்னுச்சு” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தால் என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது.

அடுத்த வருஷம் புலி திரும்பி வந்தது. மேலிடத்து அனுமதி வாங்கி, வெளியூருக்கு அனுப்பிப் பாடம் செய்து, உள்ளே பஞ்சும் கம்பியும் திணித்து, கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு வைத்து, கூடத்தின் நடுவில் சிமெண்டு மேடை கட்டி நிறுத்தினார்கள். திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி ஒருவர், இது நம் காட்டின் கம்பீரம், நம் மண்ணின் பெருமை என்று பேசினார். ஊர்க்காரர்கள் கேசரிக்காகக் கை தட்டினார்கள். ஆத்தா தட்டவில்லை. “செத்த கன்னுக்குட்டித் தோலுல வைக்கோலத் திணிச்சு, மாட்டுக்குக் காட்டிப் பால் கறப்பாகள்ல, அதே கூத்து. மாடு வேணா ஏமாறும். நான் ஏமாற மாட்டேன்” என்றாள்.

ஆனால் அந்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் அவள் கம்பிக்காட்டுக்குப் போனாள். மாரியம்மன் கோவிலுக்குப் போக வேண்டிய நாளில், தலை முழுகி, முந்தானையில் ஒரு பிடி மண் முடிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் புலிக்கு முன்னால் நிற்பாள். முதலில் செத்த ஆடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வாள். பிறகு வசவு. அந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். கடைசியில் மண்ணைப் புலியின் முகத்தில் வீசிவிட்டு, பூசை முடிந்தவள் மாதிரி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்புவாள்.

அங்கே காவலுக்கு வாச்சராக இருந்தவர் உத்தமபாளையத்துக் காதர் ராவுத்தர். தினக்கூலிக்காரர். ஆத்தா வீசிய மண்ணை அவர்தான் துடைக்க வேண்டும்.

“அக்கா, இன்னைக்கு இடது கண்ணுல போட்டிருக்கீக. போன வாரத்து மண்ணே மூக்குக்குள்ள இருக்கு. மழ பேஞ்சா பயிரு மொளச்சிரும்.”

“மொளைக்கட்டும் ராவுத்தரே. கருப்பி வந்து மேயும்.”

“கருப்பி அது வயித்துக்குள்ளல்ல இருக்கு.”

“ஒம்ம வாயிலயும் ஒரு பிடி போடவா?”

வெளியூர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். ஒருமுறை ஆத்தா வசவின் உச்சத்தில் இருந்தபோது, டீச்சர் ஒருத்தி கையில் குடையோடு ஓடி வந்து, பிள்ளைகள் நிற்கிறார்கள், கொஞ்சம் நாக்கை அடக்குங்கள் என்றாள். ஆத்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “புலியப் பத்திச் சொல்லிக் குடுக்கத்தான கூட்டியாந்தீக? என்னயவிட எவ சொல்லிருவா? ஏலே பிள்ளைகளா, கிட்ட வாங்க.” பிள்ளைகள் வந்துவிட்டார்கள். டீச்சரின் பேச்சுக்கு இத்தனை அமைதியாக அவர்கள் நின்றிருக்க மாட்டார்கள்.

எனக்கு மானம் போகும். அன்றும் இன்றும் நான் நாலு பேர் பார்த்தால் வியர்த்துப் போகிறவன். தலையைக் குனிந்தால் ஆத்தாவின் கால், நிமிர்ந்தால் புலியின் பல், திரும்பினால் பிள்ளைகளின் சிரிப்பு. பார்க்கக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது: சுவரில் மாட்டியிருந்த பலகைகள். செந்நாய் கூட்டமாக வேட்டையாடும். இருவாச்சி, குஞ்சு வளரும் வரைக்கும் பெட்டையை மரப்பொந்துக்குள் வைத்து அடைத்து, சிறு துளை வழியே ஊட்டும். யானை போட்ட சாணத்தில் காடு முளைக்கும். வாரத்துக்கு ஒரு பலகை என்று எழுத்துக் கூட்டினேன். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் வராத வாசிப்பு, அந்த நாற்றத்துக்கு நடுவில், அந்த வசவுக்கு நடுவில் வந்தது. எல்லாப் பலகையும் தீர்ந்ததும் ராவுத்தர் மூலை அலமாரியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதில் புத்தகங்கள் இருந்தன. ஊரே காறித் துப்பிய இடத்தை நான் ஒருத்தன் விரும்பினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு மீசை அரும்பிய வருஷம் அந்தச் செய்தி வந்தது. பட்ஜெட்டில் வெட்டு, மையத்துக்கு இனி பணம் கிடையாது, கூடத்தைப் பூட்டிவிட்டு வாச்சரை நிறுத்திவிடுவார்கள், கம்பிக்கும் காவல் இருக்காது. டீக்கடையில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. “சனியன் விட்டுச்சு” என்றார்கள். ஓடு ஒருத்தனுக்கு, கம்பி ஒருத்தனுக்கு, கதவு ஒருத்தனுக்கு என்று உட்கார்ந்த இடத்திலேயே பாகம் பிரித்தார்கள். கரட்டை உடைத்து ஜல்லியாக்க ஒரு குவாரிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும் பேச்சு. மேய்ச்சல் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிச் சிரித்த அந்த மடையர்களுக்கு, உடைத்த கல்லில் ஆடு எதை மேயும் என்று கேட்க ஆளில்லை. நான் கேட்டிருக்கலாம். டீக்கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் வியர்வை வருகிறவன் யாரோடு சண்டை பிடிப்பது?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆத்தா வசவை முடித்துவிட்டுத் திரும்பியபோது ராவுத்தர் சொன்னார்: “அக்கா, நல்லா திட்டிக்கிருங்க. அடுத்த வாரம் ஒங்க புலிக்கு டிரான்ஸ்பர். டவுனுக்கு. பெரிய ஆபீஸரு ரூம்புல, பேனுக்குக் கீழ நிக்கப் போகுது.” சொல்லும்போது அவர் ஆத்தாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“பேனுக்குக் கீழயா?” என்றாள் ஆத்தா.

“ஆமா. தெனம் தொடைக்க ஆளு இருக்கு. நம்மள மாதிரி ஆளுகள உள்ள விட மாட்டாக.”

ஆத்தா வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நடந்தால் ஊரில் யாருக்கோ கேடு என்று அர்த்தம்.

புலியை ஏற்றிப்போக வேன் வந்த அன்று அவள் கம்பிக்காட்டு வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். ஆடு பறிகொடுத்த மற்றப் பெண்களையும் வீடு வீடாகப் போய் இழுத்து வந்திருந்தாள். வரமாட்டேன் என்றவளை, “ஒன் ஆடு ஆடு இல்லயா, இல்ல ஒனக்குத்தான் ரோசம் இல்லயா?” என்று கேட்டே கிளப்பியிருந்தாள். வேனோடு வந்த ரேஞ்சர் இளவயதுக்காரர். முதலில் பதமாகத்தான் பேசினார்.

“அம்மா, இது கவர்மெண்டு சொத்து. வழி விடுங்க.”

“கவர்மெண்டு சொத்தா? சரி. அது வயித்துல இருக்கது எவன் சொத்து?”

“வயித்துல பஞ்சுதாம்மா இருக்கு.”

“பஞ்சா? அப்ப என் ஆடு எங்க?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரேஞ்சருக்கு முகம் சிவந்தது. கேஸ் போடுவேன் என்றார். “போடுமய்யா. புலியவும் கோர்ட்டுக்குக் கூட்டியாரும். நான் சாட்சி சொல்றேன்” என்றாள் ஆத்தா. “இங்கன தின்னுச்சுல்ல, இங்கனதான் நிக்கணும். நான் சாகுற மட்டும் இது என் கண்ணு முன்னால நின்னு ஏச்சு வாங்கணும். பேனுக் காத்து வாங்க விட மாட்டேன்.” வேன் திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. ஓடு பிரிக்கக் கடப்பாரையோடு வந்த உள்ளூர்க்காரர்களுக்கும் அதே வரவேற்புத்தான். கூரை போனால் புலி நனையும், நனைந்தால் அழுகும், அழுகினால் அவள் எதைத் திட்டுவாள்? நான் பந்தல் வேலைக்குப் போகாமல் அவள் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர்க்குடம் சுமந்தேன்.

பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். இயற்கையைக் காக்கத் திரண்ட கிராமத்துப் பெண்கள் என்று படத்தோடு போட்டார்கள். நான் வாசித்துக் காட்டினேன். “எவடி இயற்கையக் காத்தது?” என்று பக்கத்திலிருந்தவளை அதட்டினாள் ஆத்தா. ஆனால் செய்தி மேலே போய் வேலை செய்தது. மக்கள் விரும்புவதால் மையம் தொடரும் என்று உத்தரவு வந்தது. ராவுத்தரின் கூலி தப்பியது. குவாரிக்காரர் வேறு கரட்டைத் தேடிப் போனார்.

வேன் வந்த நாட்களில் எட்டிப் பார்க்காத, இயற்கை ஆர்வலர் என்று சொல்லிக்கொண்ட கனவான்கள் அதற்குப் பிறகு பொன்னாடையோடு வந்தார்கள். மேடை போட்டு, எங்கள் போராட்டம், எங்கள் முயற்சி என்று ஆளாளுக்குப் பேசிவிட்டு, தாயே இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று ஆத்தாவிடம் மைக்கை நீட்டினார்கள். அவள் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினாள். “அந்தச் செத்த மூதியத் திட்டத்தான் இத விடலை. ஒங்களுக்காக இல்ல.” மைக்கை வாங்கிக்கொண்டார்கள். பொன்னாடையை அவள் திருப்பித் தரவில்லை. பின்னால் வாங்கி வளர்த்த குட்டி ஆட்டுக்கு மழைக்காலத்தில் போர்த்தினாள். அந்தக் கனவான்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்பினால் காப்பாற்றினோம் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அங்கே அன்பு என்று இருந்ததெல்லாம் வாய் திறக்காமல் குடம் சுமந்துகொண்டிருந்தது. காப்பாற்றியது வெறுப்பு.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மையம் இருக்கிறது. வாசலில் டிக்கெட் வாங்க வேண்டும். பலகைகளைக் கழற்றிவிட்டு, தொட்டால் மினுங்கும் திரைகள் வைத்திருக்கிறார்கள். பாதி நாள் அவை மினுங்குவதில்லை. அலமாரி இல்லை. ராவுத்தர் உத்தமபாளையத்தில் மண்ணுக்குள் இருக்கிறார். ஊரில் ஆட்டுப்பட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. புலியைப் பூச்சி அரித்து, காது உதிர்ந்ததும், முறைப்படி கையெழுத்து வாங்கி எரித்துவிட்டார்கள். சிமெண்டு மேடையில் நான்கு துருப்பிடித்த ஆணிகள் நிற்கின்றன. அந்தப் பாச்சை உருண்டை வாசம்கூட அங்கே இல்லை.

ஆத்தாவுக்குக் கண் தெரியாது. நடையும் இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். நான் வேலைக்குக் கிளம்பும்போது கட்டிலில் இருந்தபடி கேட்பாள்.

“ஏலே, அது நிக்குதா?”

“நிக்குது ஆத்தா.”

“கண்ணு?”

“முழிச்சுக்கிட்டுத்தான் நிக்குது.”

கருப்பி, சுட்டி, செவலை, நொண்டிச்சி என்று தொடங்குவாள். வசவுகளில் ஒன்றுகூட மறக்கவில்லை. முடியும் நேரத்தில் அவள் கை கட்டிலுக்குக் கீழே இறங்கித் தரையைத் தடவும். அங்கே டைல்ஸ் போட்டிருக்கிறது, வழவழவென்று, அள்ள ஒன்றுமில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்குப் போய், முருங்கையடியில் ஒரு பிடி மண் அள்ளி வந்து அவள் கையில் வைத்து, எதிரே போய் நின்றுகொள்வேன்.

இன்னும் குறி தப்புவதில்லை.