ஊசி குதிக்கும்

புனேயில் எங்கள் மகர்பட்டா வீட்டில், புதிதாக வாங்கிய ரெக்கார்டு பிளேயரின் அடியில் என் கணவர் ரப்பர் வில்லைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். அதிர்வைத் தாங்குமாம். அந்த ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.

சின்ன வயதில் நாங்கள் கன்டோன்மென்ட்டில் ஒரு பழைய மாடியில் குடியிருந்தோம். பலகைத் தரை. யாராவது நடந்தால் அப்பாவின் பிளேயரில் ஊசி குதிக்கும். அதற்காக அவர் அம்மாவின் ஹவாய் செருப்பை வெட்டி, பிளேயருக்கு அடியில் செருகினார். புனே குளிரில் அம்மா வெறுங்காலோடு சப்ஜி மண்டிக்குக் காய் வாங்கப் போனாள். அப்படியும் ஊசி குதித்தது.

“யானை மாதிரி ஏண்டி மிதிக்கிற?” என்று கத்துவார். அம்மா நுனிக்காலில் நடக்கப் பழகினாள். வந்தவர்களெல்லாம் அவருடைய ரசனையை மெச்சினார்கள். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“அத்தை, பாட்டு போடறேன். கொஞ்சம் மெதுவா நடங்க,” என்றார் கணவர்.

காப்பியோடு வந்த அம்மா சட்டென்று குதிகாலைத் தூக்கினாள்.

“நல்லா ஊனி நடம்மா! குதிச்சா குதிக்கட்டும்!” என்று கத்தினேன்.

அம்மா நடக்கவில்லை. கையில் காப்பி ஆறிக்கொண்டிருக்க, பாட்டு முடியும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள்.