ஞானஸ்நானப் பெயரில் கேட்ட வாடகை வீடு

ஜெர்மனியில் படிக்கும் என் மகன் தமிழ்ச்செல்வன் செப்டம்பர் 9 அன்று அனுப்பிய செய்தி: “மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணணும்ப்பா. வீடு கேட்டா ஒருத்தரும் பதில் போட மாட்டேங்குறாங்க.”

ஒரே விண்ணப்பத்தை இரு பெயர்களில் அனுப்பி, வெளிநாட்டுப் பெயருக்குப் பதில் குறைவதைக் காட்டிய அந்நாட்டு ஆய்வுகளைப் படித்திருந்தேன். திண்டுக்கல்லிலிருந்தே யோசனை சொன்னேன்: “ஞானஸ்நானப் பேரைப் போடுப்பா. மார்ட்டின் தாமஸ்.” தாமஸ் என் பெயர்.

மறுநாளே வீடு பார்க்க அழைத்தார்கள். கதவைத் திறந்த பெண்மணி, அவனைப் பார்த்ததும் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது என்றாராம்.

“பேரை மாத்தியாச்சு, மூஞ்சிய என்னப்பா செய்ய?” என்றான்.

இப்போது நண்பன் அறையில் தரையில் படுக்கிறான். பெயரை மாற்றச் சொல்வதை விட்டுவிட்டேன். சொந்தப் பெயரிலேயே கேட்கவும், பதில் வராத விண்ணப்பங்களையும் தேதியோடு குறித்து வைக்கவும் சொல்கிறேன். அந்த வீடு உண்மையிலேயே முன்பே போயிருந்ததா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.