குழாயடியில் ஓர் உறுப்பினர்

போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கும் நீலாவதிக்கு இரண்டு காலும் போலியோவில் போனவை. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. அதனாலேயே அவளை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடாத அதிகாரிகள், காப்பகங்களைச் சோதிக்கும் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளி இருந்தே தீரவேண்டும் என்று உத்தரவு வந்ததும் துணிந்து அவளையே சேர்த்தார்கள். வேறு யாரும் அகப்படாததுதான் அந்தத் துணிச்சல்.

அவள் ஒப்புக்கொண்டது தேவிக்காக. ஹாஸ்டலில் ஒரே பாயில் படுத்த தோழி, அவளும் நடக்க முடியாதவள். அவளை அவள் அண்ணன்காரன் ஜவ்வாது மலைமேல் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தான். பொங்கலிலிருந்து போன் இல்லை. கேட்டால், "நல்லாத்தான் கீறா" என்பான். அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

சோதனைக்குப் போன அன்று அந்தக் காப்பகத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சோதனைக்கு வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் நாகரிகம். நிர்வாகி சிங்காரம் சால்வை போர்த்தி, அதிகாரி புருஷோத்தமனை உள்ளே அழைத்துப் போனார். டிரைவர் நீலாவதியைச் சக்கர நாற்காலியில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். வாசலில் படிகள். சரிவுப்பாதை சுவரில் ஓவியமாக இருந்தது.

ஆயா முனியம்மா ஓடி வந்தாள். "ஏய், ஆபீசருங்க வந்துட்டாங்க, நீ இன்னா வாசல்ல குந்திகினு கீற?"

நாற்காலி பின்கட்டுக்கு உருண்டது. தேவியைப் பார்க்க இதுவே வழி என்று நீலாவதி வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

பின்கட்டில் மூத்திர நாற்றம்; அதன்மேல் பினாயில் நாற்றம். பெண்கள் ஈரத் தரையில் வரிசையாகக் கிடக்க, இன்னொரு ஆயா செடிக்கு விடுவதுபோல டியூப்பால் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் ஒரே துண்டு, அது பழுப்பாகியிருந்தது. ஒரு மொட்டைத் தலை நிமிர்ந்தது. முதுகுப் புண்ணில் ஈக்கள்.

"நீலா, உன்னையும் கொண்டாந்து வுட்டுட்டாங்களா?"

தேவிதான்.

"இல்லடி, நான் செக்கிங்குக்கு வந்தவ."

"அப்ப குளிச்சிட்டுப் போ," என்று தேவி சிரிக்கும்போதே டியூப் தண்ணீர் நீலாவதியின் முகத்தில் அடித்தது.

அவளைத் தேடி அதிகாரியும் நிர்வாகியும் வந்தார்கள். அதிகாரியின் வாயில் கேசரி.

"அடியே முனியம்மா, அவங்க மெம்பர்டி!" என்று சிங்காரம் அலறினார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? ஜீப்புல வர்றவங்க நடந்து வருவாங்கன்னு நெனச்சேன்."

சிங்காரம் பதறிக்கொண்டு இன்னொரு சால்வையை நீட்டினார். நீலாவதி அதைப் பிடுங்கித் தேவிமேல் போர்த்தினாள்.

"ரிப்போர்ட்ல பாத்துக்கலாம் மேடம், கெளம்பலாம்," என்றார் புருஷோத்தமன்.

"வர்றியாடி?" என்றாள் நீலாவதி. தேவி தலையாட்டினாள்.

"இவ ஏறாம நான் ஏற மாட்டேன் சார். நீங்க போங்க. என்னத்தான் முனியம்மா சேத்துக்கினாளே!"

குழு உறுப்பினரைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக மேலிடத்தில் சொல்ல முடியாது. தேவியைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். மற்றப் பெண்கள் நனைந்தபடியே கும்பிட்டு வழியனுப்பினார்கள். அது சொல்லிக்கொடுத்த கும்பிடு.

மலையிறங்கும்போது புருஷோத்தமன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றமாம். அதே நாற்றம் பிடித்த காப்பகத்தில் உட்கார்ந்துதான் இரண்டாம் முறை கேசரி கேட்டு வாங்கியிருந்தார்.