தொலைந்தவர்கள் கை தூக்கவும்

மைக் அக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. கடற்கரை வாசலில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு மேசை, ஒரு மைக், தண்ணீர்க் குடம், அழுகிற பிள்ளைகளுக்கு ஒரு டப்பா பிஸ்கட், ஒரு நோட்டு. இருபத்திரண்டு வருஷமாக அங்கே அவள் ராஜ்ஜியம். "சிவப்புச் சட்டை, நாலு வயசு, பேர் கேட்டா அழுகுது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அவள் ஆரம்பித்தால், அலையில் நிற்கிறவனும் ஒரு தரம் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வான். வீட்டிலும் அதே தொண்டைதான். கடலில் மிதக்கிற டியூப்களை வாடகைக்கு விடுகிற அவள் புருஷன், "இவ என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா பக்கத்து வீட்டுக்காரர் கை கழுவிட்டு உக்காந்துடுறாரு" என்பார்.

நோட்டில் அக்கா எழுதுவது தொலைந்த பிள்ளையின் அடையாளத்தை மட்டும். கிடைத்ததை எழுதுவதே கிடையாது. எப்படி எழுதுவாள்? அம்மாக்காரி ஓடி வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுவாள், அடுத்த நொடி முதுகில் ஒன்று வைப்பாள், அப்பன்காரன் பெண்டாட்டி மேல் பாய்வான். இவர்களை விலக்கிவிட்டுத் தண்ணீர் கொடுக்கவே இரண்டு கை போதாது. இதில் பேனாவை எங்கே போய்த் தேடுவது?

அந்த நோட்டைத்தான் டிவிக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நிருபர் பெண் சிரித்துச் சிரித்துப் பேசியதில் மயங்கி, அக்காவே பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். மறுநாள் செய்தியில் வந்தது: ஒரே ஞாயிறு, பத்தொன்பது குழந்தைகள் மாயம், திரும்பியதாக ஒரு வரிகூட இல்லை. நெஞ்சைப் பதறவைக்கிற இசை வேறு. பாவிகள், பத்தொன்பது பேரும் அன்று சாயங்காலமே ஐஸ்கிரீமும் கையுமாக பஸ் ஏறிப் போனதை ஒருத்தரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா?

விடுமுறைக்குப் பத்து நாள்தான் இருந்தது. லாட்ஜில் அறை போட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். லாட்ஜ் சங்கத் தலைவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏம்மா, உன் வாயால ஊர் பேரே கெட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை அதே டிவிக்காரங்க நேரலைக்கு வராங்க. அன்னைக்குப் பிள்ளையைக் காணோம்னு ஒரு சத்தம் வரக்கூடாது. வந்துச்சு, இந்த ரூமைப் பூட்டிடுவோம்."

"பிள்ளை தொலைஞ்சா?"

"மெதுவா தேடிக்கலாம்."

மெதுவாகவாம். அதை யார் போய் அலையிடம் சொல்வது? அக்காவுக்கு வாய்வரை வந்தது, மென்று விழுங்கினாள். பூட்டிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து யாரைக் கூப்பிடுவது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. "ரெண்டு மணி நேரம்தானே, வாயை மூடிட்டு இரு" என்றார் புருஷன்.

ஞாயிறும் வந்தது. புதுச் சட்டை போட்ட தலைவர் கேமரா முன்னால் நின்று, "எங்க ஊர்ல பிள்ளைங்க தொலையறதே இல்லைங்க" என்று அளந்துகொண்டிருந்தபோதே, பச்சைக் கவுன் போட்ட குட்டி ஒன்று தேம்பிக்கொண்டே அறை வாசலில் வந்து நின்றது. அக்கா தலைவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் பிள்ளையைப் பார்த்தாள். மைக்கைத் தட்டினாள்.

"பச்சைக் கவுன், மூணு வயசு, ஒத்தைச் செருப்பு. வந்து கூட்டிட்டுப் போங்க."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. நிருபருக்கோ கொண்டாட்டம், கேமராவை இழுத்துக்கொண்டு அறைக்கே வந்துவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் அம்மாக்காரி ஓடி வந்தாள், கட்டிக்கொண்டாள், முதுகில் ஒன்று வைத்தாள். இந்தத் தடவை அக்கா தண்ணீர்க் குடத்துப் பக்கம் போகவில்லை.

"பச்சைக் கவுன் கிடைச்சாச்சு. இன்னொண்ணு கேக்குறேன். சின்ன வயசுல இந்தக் கரையில தொலைஞ்சு, இந்த ரூம்ல உக்காந்து அழுதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க."

முதலில் சோளம் சுடுகிறவர் தூக்கினார். அப்புறம் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அரைக் கை தூக்கினார். தண்ணீரில் இடுப்பளவில் நின்றவர்கள்கூடத் தூக்கினார்கள். அக்கா எண்ணப் பார்த்தாள், கண் நிறைந்துபோய் எண்ண முடியவில்லை.

அந்த நேரம் டிவி பார்த்தவர்களுக்குப் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெறும் வானம் தெரிந்ததாம். கேமராக்காரனும் ஒரு கையைத் தூக்கியிருந்தான்.

"நான்தாங்கக்கா இந்த ரூம்ல உங்க கையைக் கடிச்சது. ஆறு வயசு அப்போ."

"அடப்பாவி, அப்புறம் எதுக்குடா என் நோட்டை அப்படிப் படம் புடிச்சே?"

"புடிக்கச் சொன்னாங்கக்கா." அவன் மூக்கை உறிஞ்சினான். "அன்னைக்கு அம்மா வரவே மாட்டாங்கன்னு நெனச்சேன். வந்துட்டாங்கக்கா."

மைக்கை அணைக்க அக்காவுக்கு நினைப்பில்லை. கரை முழுக்க அது கேட்டது.