திருவெறும்பூர் வயலில் ஒரு புத்தர்

கணவர் தவறி மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து தனியாகக் கிளம்பினேன். திருவெறும்பூர் பக்கம் வயலுக்குள் பழைய புத்தர் ஒருவர் இருக்காராம், ஒருநாள் போகலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில்தான் அவருக்கு வேலை. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது வந்து தடுத்துவிடும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் ரோட்டு டவுன் பஸ் பிடித்தேன். வானம் மூட்டமாக இருந்தது. அரியமங்கலத்துப் பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. திருவெறும்பூரிலிருந்து ஆட்டோதான் வழி. போக, வர, காத்திருக்க நானூறு ரூபாய். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். "புத்தர்னா தெரியாதுங்க. மொட்டைச் சாமியா? ஏறுங்க" என்றார் டிரைவர்.

ஒரு காலத்தில் இங்கே பிக்குகள் தங்கிய பள்ளி இருந்ததாம். தூர தேசத்திலிருந்தெல்லாம் கும்பிட வந்தார்களாம். இப்போது ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. அறுவடை முடிந்த வயல், தகரக் கூரை, அதன் கீழே அவர். மூக்கு உடைந்திருக்கிறது. கழுத்தில் சிமென்ட் பூசி ஒட்டவைத்திருக்கிறார்கள். மடியில் யாரோ வைத்த செவ்வந்தி காய்ந்து கிடந்தது. பார்த்ததும் மனசு அமைதியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அப்படி எதுவும் ஆகவில்லை.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா வந்து பேச்சுக் கொடுத்தார். பெயர் அஞ்சலை.

"போட்டோ எடுக்க வந்தீங்களா? இங்க யாரும் வர்றதில்லைங்க. முன்னாடி ஒரு சார் வருவாரு, கம்பெனி யூனிஃபார்ம்ல. வண்டிய அங்க நிறுத்திட்டு சும்மா உக்காந்திருப்பாரு."

எந்த வண்டி என்று கேட்டேன். பச்சை ஸ்கூட்டர், இடது கண்ணாடி உடைஞ்சிருக்கும் என்றார். அவர் ஸ்கூட்டரேதான். இருக்காராம் என்று கேள்விப்பட்ட மாதிரி என்னிடம் சொன்னவர், தனியாக வந்து போய்க்கொண்டு இருந்திருக்கிறார்.

"போன தை மாசம் ஒருநாள் அழுதுட்டிருந்தாருங்க. என்னன்னு கேட்டேன். வயித்துல புத்துநோயாம். வீட்ல சொல்லலையான்னேன். பொண்ணுக்குப் பரீட்சை இருக்கு, முடியட்டும்னாரு."

தை மாதம். என்னிடம் சொன்னது ஆனிக் கடைசியில். பரீட்சை பங்குனியிலேயே முடிந்துவிட்டது. முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது, எனக்கே இப்பத்தான் சார் தெரியும் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவர் அவர்.

"பரீட்சையும் முடிஞ்சிது, அப்பவும் சொல்லல. ஆனி மாசம் நல்லா திட்டிட்டேங்க. ஒங்க வீட்டம்மா என்ன பாவம் பண்ணுச்சு, இன்னிக்கே போய்ச் சொல்லுங்கன்னேன். அதோட வரவே இல்ல. கோவமோ என்னமோ."

"கோவம் இல்லம்மா. அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. நான்தான் அந்த வீட்டம்மா. ஐப்பசியில தவறிட்டாரு."

அஞ்சலை வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆடுகள் பக்கத்துக் கொல்லைக்குள் இறங்கியதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள். கடை, கழிப்பறை எதுவும் கிடையாது; தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் கடைசிக் கொஞ்ச தூரம் சேற்றில் நடக்கணும். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சிலைகள் களவு போகிற காலம் என்பதால் ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் சாப்பிடாமல் காத்திருந்தாள். இதை இவளிடம் சொல்வதா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்து, வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அவள் பரீட்சைக்காக மறைத்தது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "அப்பா சொல்லியிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேம்மா" என்றாள். அதுதானேடி அவர் பயம் என்றேன். இரண்டு பேருக்கும் அவர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. சேர்ந்தே கோபப்படுகிறோம்.