ஆமென் சொல்வதற்குள் ஒரு குட்டு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேருக்கு நேர் திட்டுவதில்லை. அதற்குத்தான் குடும்ப ஜெபம் இருக்கிறது.

மாலை ஏழரைக்கு டிவியை அணைத்துவிட்டுப் பாயை விரிப்போம். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். முதலில் மகள், அடுத்து மனைவி, கடைசியில் நான். கண்ணை மூடிவிட்டால் போதும், பகல் முழுவதும் மென்று விழுங்கியதெல்லாம் சுத்தமான வேதாகமத் தமிழில் வெளியே வரும். "ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாத நல்ல மனதைச் சிலருக்குத் தாரும் ஆண்டவரே" என்பாள் மனைவி. அந்தச் சிலர் நான் ஒருவன்தான். "கறிக்கு உப்புப் போடும் நேரத்தில் எங்களுக்கு விழிப்பைத் தாரும் தகப்பனே" என்று நான் முடிப்பேன். ஜெபத்துக்கு யாரும் பதில் பேச முடியாது. ஆமென்தான் சொல்ல முடியும். கடைசி ஆளாக ஜெபிப்பதில் இந்த ஒரு சௌகரியம் உண்டு.

ஆனால் வெளியே எனக்கு வேறு பேர். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல், மல்லி மொத்தக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையின் சந்திப்புக் குழுவோடு ஆஸ்பத்திரிகளுக்குப் போவேன். படுத்துக் கிடப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நல்ல வார்த்தை சொல்வது என் வேலை. எனக்கு அது வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான். "வத்தல் விற்கிற ஆளுக்கு இவ்வளவு இனிப்பான நாக்கா?" என்று போதகர் கேலி செய்வார். அந்தக் கேலியை நான் வெகுவாக ரசித்தேன்.

என் மகள் நர்ஸ். இங்கே நர்ஸ் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது ஜெர்மன் படிக்கிறார்கள், அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை கிடைக்கும் என்று. இவளும் வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷமாகப் படித்தாள். எழுதுவது, வாசிப்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். எதிரே ஆளை உட்கார வைத்துப் பேசச் சொல்கிற தேர்வில் மட்டும் இரண்டு தடவையும் போய்விட்டது.

இரண்டாம் முடிவு வந்த அன்று சாயங்காலம் நான் ஜெபித்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "ஆண்டவரே, நீர் தந்த வாய்ப்பை இரண்டு முறை வீணாக்கினவர்களுக்குப் புத்தியைத் தாரும். காலை பத்து மணிவரை போனோடு படுத்துக் கிடக்கிற ஆவியை இந்த வீட்டை விட்டு அகற்றும்." மகள் ஆமென் சொன்னாள். எழுந்து அறைக்குள் போனாள். மறுநாள் ஜெபத்துக்கு வரவில்லை. கேட்டால் தலைவலி. அதற்கடுத்த நாளும் தலைவலி. சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்கே கொண்டுபோனாள், பாதிச் சோறு திரும்பி வந்தது. எது கேட்டாலும் "சாரமில்ல" என்ற ஒரே பதில். இந்த ஊர் மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். முகத்தைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றவில்லை. இப்படியே மூன்று வாரம் போயிற்று.

மூன்றாம் ஞாயிறு, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு கொத்தனாரைப் பார்க்கப் போனோம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இனி எழுந்து நடப்போமா என்ற பயத்தில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விழுந்தவனைத் தூக்குகிற கர்த்தரைப் பற்றிச் சொன்னேன். அவர் கட்டிக் கொடுத்த சுவர்களுக்குள் எத்தனை குடும்பம் தூங்குகிறது என்றும் சொன்னேன். மனிதர் என் பக்கம் திரும்பி அழுதார். அவர் மனைவி என்னைக் கும்பிட்டு, "உங்க வீட்டுப் பிள்ளைக குடுத்து வச்சதுக ஐயா. தெனமும் இந்த வார்த்தைய கேக்குதுகளே" என்றாள்.

யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. உடன் வந்தவர்களை விட்டுவிட்டு, கரமனையில் இருக்கும் வீட்டுக்கு நேரே பஸ் ஏறினேன்.

வந்த வேகத்தில் மகளின் அறைக் கதவைத் தட்டினேன். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமி, வழக்கம்போல் கண்ணை மூடி, "கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, ஞான் பேஷண்ட் இல்ல" என்றாள்.

கண்ணைத் திறந்தேன்.

"எங்கிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்டயே பறயுங்க. எப்பவும் கர்த்தர்ட்டதான என்னப் பத்திச் சொல்றீங்க. அந்தப் பரீட்சையில வாயத் தொறந்தா என்ன தோணும் தெரியுமா? எதிர்ல இருக்க ஆளு என் தப்ப ஒண்ணொண்ணா எண்ணிட்டு இருக்காருன்னு. அதோட எல்லாம் மறந்துபோவும்."

இந்தத் தடவை வசனத்தைத் தேடவில்லை, கண்ணையும் மூடவில்லை. "தப்பு என் பேருலதான் மக்களே" என்றேன். "நீ தோத்ததுல எனக்கு ஒரு வெக்கமும் கெடையாது. நீ சாப்பிடாம இருக்கதுதான் பயமா இருக்கு. நீ நல்ல பிள்ள. இத உன் மொகத்தப் பாத்து நான் ஒரு தடவகூடச் சொன்னதில்ல."

அவள் அழுதாள். எனக்கும் அழுகையை அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நான் அழுததே கிடையாது. சிறிது நேரம் கழித்து, "மூணாம் தடவ எழுதவா?" என்று கேட்டாள்.

"எழுது. அதுவரைக்கும் தெனமும் எங்கிட்ட பேசிப் பழகு. எனக்கு ஜெர்மன்ல ஒரு வார்த்த தெரியாது. என்னால ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாதுல்லா?"

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெர்மனில் பேச ஆரம்பித்தாள். அடுக்களையில் மிக்ஸி நின்றது, மனைவி வாசலில் வந்து நின்றாள். நடுவில் மகள் இரண்டு இடத்தில் திக்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்து பேசு என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். ஐந்து நிமிஷம் பேசியிருப்பாள்.

"என்ன சொன்னேன்னு தெரியுமா?"

"தெரியாது. கேக்க நல்லா இருந்துச்சு."

"எங்க அப்பா வத்தல் கட வச்சிருக்காரு, நல்ல மனுஷன்னு சொன்னேன்."

அது நிஜமா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை. "இன்னொரு தடவ சொல்லு மக்களே" என்றேன்.