சின்னவர் என்றொரு பட்டம்

ராஜ குடும்பங்களில் பட்டத்து இளவரசர் என்றால் அடுத்த ராஜா. மதுக்கரைப் பக்கம் பம்ப்செட் செய்யும் எங்கள் பட்டறையில் அந்தப் பட்டத்துக்குச் 'சின்னவர்' என்று பெயர். அப்பா பெரியவர், அவருக்கு எண்பத்து நான்கு வயது. முப்பத்தைந்து வருடம் சின்னவராக இருந்த எனக்கு ஐம்பத்தொன்பது. முட்டிவலியும் சர்க்கரையும் உண்டு.

இளவரசருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வருகிறவர்களிடம், "பெரியவர்கிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்வதுதான். ஒருமுறை கேட்காமலே வாசல் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன். மறுநாளே அது பழையபடி நீலமாகிவிட்டது. அப்பா திட்டவே இல்லை. "அவசரப்படாத கண்ணு, எல்லாம் உனக்குத்தானே" என்றார். முப்பத்தைந்து வருடமாக இதையேதான் சொல்கிறார். நானும் அதை நம்பி, வேறெங்கும் போகாமல், அவருக்கு எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்து தேய்ந்துபோனேன்.

எனக்கென்று அதிகாரம் வருடத்தில் ஒரே நாள். ஆயுத பூஜையன்று பெரியவர் மெஷின்களுக்குக் கற்பூரம் காட்டுவார். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயைச் சின்னவர் உடைப்பார். சிரிக்காதீர்கள். பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கும்போது, அடுத்தது நான்தான் என்று பட்டறையே ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

போன வருடம் என் மகன் படிப்பை முடித்துப் பட்டறைக்கு வந்தான். ஆயுத பூஜையன்று நான் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஃபோர்மேன் பூசணிக்காயோடு வந்தார். கையை நீட்டினேன்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சின்னவர் ஒடைக்கோணுமுங்க."

எங்கள் ஊரில் ஆளைப் பதவியிலிருந்து இறக்குவதுகூட 'ங்க' போட்டுத்தான். பூசணிக்காய் என்னைத் தாண்டி மகன் கைக்குப் போனது. அவன் சங்கடத்தோடு என்னைப் பார்த்தான். நான் தள்ளி நின்றேன். இருந்த பட்டமும் போயிற்று, நாற்காலியும் வரவில்லை. ராஜாங்கத்தில் இதற்கு என்ன பெயரோ, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன்.

ஒரே போடில் உடைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா பொரித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"சும்மாதானே நிக்கற கண்ணு, எல்லாத்துக்கும் குடு."

வாங்கிக்கொண்டேன். வரிசையில் முதல் ஆளாக மகன் நின்றான். அவன் கை நிறையப் பொரியை அள்ளி வைத்தேன்.

"எடுத்துக்கங்க, சின்னவரே" என்று என் வாயே சொல்லிவிட்டது.